எலும்பு வலியா, மரத்துப்போகிறதா, தோல் எரிகிறதா? நெடுந்தூர சைக்கிளுக்கு முன் பெண்கள் எதை மாற்றலாம்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் புதிதாகச் சேரும் பெண்கள் அநேகமாக எல்லோருமே முதல் மாதத்துக்குள் ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். டீக்கடையில், எல்லோர் முன்னாலும் கேட்க மாட்டார்கள். திரும்பி வரும் வழியில், பக்கத்தில் வேறு யாரும் இல்லாதபோது சைக்கிளை என் பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்து மெதுவாகக் கேட்பார்கள்: "அக்கா, உங்களுக்கு அங்க வலிக்கலையா?"

வலித்தது. முதல் முறை திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பியபோது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆனது. அடுத்த மூன்று நாள் அலுவலகத்தில் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். தொடை இடுக்கில் தோல் வழண்டு, தண்ணீர் பட்டாலே எரிந்தது. ஒரு கடையில் போய்ச் சொன்னேன். மெத்தென்ற ஜெல் கவர் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு போன அடுத்த பயணத்தில் எரிச்சல் குறையவில்லை; முன்பு இல்லாத மரத்துப்போதலும் சேர்ந்துகொண்டது. இது நமக்கு ஒத்துவராது போலிருக்கிறது என்று இரண்டு மாதம் சைக்கிளைத் தொடவில்லை.

பிறகுதான் புரிந்தது. நான் 'வலி' என்று ஒரே சொல்லில் சொன்னது மூன்று வெவ்வேறு தொந்தரவுகள். மூன்றுக்கும் காரணம் வேறு, மாற்ற வேண்டிய பொருளும் வேறு. எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், எங்கே, எப்படி வலிக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

உட்காரும்போது தரையில் அழுந்துகிற இரண்டு எலும்பு முனைகள் நமக்கு உண்டு. அங்கே மட்டும் அடிபட்டது போல் வலித்தால் அது எலும்பு வலி. புதிதாக ஓட்டுகிற எல்லோருக்கும் வரும். ஒழுங்காக ஓட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தானே தணியும். இரண்டாவது, முன்பக்கம், மென்மையான இடத்தில் அழுத்தம், மரத்துப்போதல், வீக்கம். இது பழகினால் போய்விடும் வகை அல்ல, பழகவும் கூடாது. பிரிட்டனின் பாராலிம்பிக் வீராங்கனை ஹன்னா டைன்ஸ், சீட்டின் தொடர் அழுத்தத்தால் வந்த வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டதைப் பற்றி 2019இல் வெளிப்படையாக எழுதினார். மூன்றாவது, தோல். தொடை இடுக்கிலும் பிட்டத்தின் கீழ் மடிப்பிலும் வரும் உரசல், எரிச்சல், சிறு கொப்புளம், கட்டி. வியர்வை, ஈரம், தையல், முடி எல்லாம் இதில்தான் வருகின்றன. சென்னையின் ஈரக்காற்றில் நம்மை அதிகம் படுத்துவதும் இதுதான்.

காசு செலவில்லாதது முதலில்

நம்மில் பலர் ஓட்டுவது நமக்கென்று வாங்கிய சைக்கிள் அல்ல. அண்ணனுடையது, கணவருடையது, தோழி விற்றது. என்னுடையதும் அப்படித்தான் வந்தது. அந்த சைக்கிளில் சீட் உயரமாகவும் ஹேண்டில்பார் தூரமாகவும் இருக்கும். சீட் ஒரு சென்டிமீட்டர் கூடுதல் உயரத்தில் இருந்தாலே, பெடல் கீழே போகும் ஒவ்வொரு முறையும் இடுப்பு அந்தப் பக்கம் சாயும். நிமிடத்துக்கு எழுபது, எண்பது சுற்று என்று வைத்துக்கொண்டால் ஐந்து மணி நேரத்தில் இருபதாயிரம் தடவைக்கு மேல் அதே இடம் சீட்டில் தேய்கிறது. எந்த க்ரீமும் இதற்கு ஈடு கொடுக்காது.

சோதிப்பது சுலபம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து முழுவதும் கீழே இறக்குங்கள். கால் நீட்டியபடி, எட்டிப் பிடிக்கத் தேவையில்லாமல் குதிகால் பெடலைத் தொட வேண்டும். அப்புறம் ஒருவரைப் பின்னால் வரச் சொல்லி, இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் சீட்டைச் சிறிது சிறிதாக இறக்குங்கள்.

ஹேண்டில்பார் தூரம் இன்னொரு விஷயம். எட்டிப் பிடிக்க முன்னால் குனியக் குனிய, உடலின் எடை எலும்பிலிருந்து முன்பக்க மென்மையான இடத்துக்கு மாறும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றினாலே, சீட்டை மாற்றாமல் மரத்துப்போதல் நின்றவர்கள் எங்கள் குழுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

சீட்டின் மூக்கு மேல் நோக்கி இருக்கவே கூடாது. மட்டமாகவோ, ஒன்றிரண்டு டிகிரி கீழ் நோக்கியோ இருக்கலாம். போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப் போதும். இந்தக் கோணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கதை உண்டு. சர்வதேச சைக்கிள் ஒன்றியம் பந்தய சைக்கிள்களில் சீட்டை ஏறக்குறைய மட்டமாகவே வைக்கச் சொல்லி வந்தது. இரண்டரை டிகிரிக்கு மேல் சாய்க்க முடியாது. பிரிட்டன் அணியின் இயன்முறை மருத்துவர் ஃபில் பர்ட் உள்ளிட்டவர்கள் பெண்களுக்கு இது எவ்வளவு துன்பம் என்பதை எடுத்துச் சொன்ன பிறகு, 2016இல் அந்த வரம்பு ஒன்பது டிகிரியாகத் தளர்ந்தது. நமக்கு அவ்வளவு சாய்வு வேண்டாம். அதிகம் சாய்த்தால் உடல் முன்னால் சறுக்கி, கை வலியும் புது உரசலும் வரும்.

சீட்: மெத்தையா, அகலமா, நடுவில் பள்ளமா?

ஜெல் கவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரத்துக்கு அது சுகம்தான். அதற்கு மேல் எலும்பு ஜெல்லுக்குள் புதைந்து, பிதுங்கிய ஜெல் இரண்டு எலும்புக்கும் நடுவே மேலெழும்பி, அழுத்தம் படக்கூடாத இடத்தில் அழுத்தும். எனக்கு மரத்துப்போனது அதனால்தான். பயணத்தில் கவர் இப்படியும் அப்படியும் நகர்ந்து தோலையும் தேய்க்கும். காய்கறி வாங்கக் கடைக்குப் போகிற சைக்கிளுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

லேடீஸ் சைக்கிளில் வரும் அகலமான ஸ்பிரிங் சீட் பொல்லாதது அல்ல. நிமிர்ந்து உட்கார்ந்து ஐந்து, பத்து கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அதுதான் சரி. முழு எடையும் பின்னால் விழுவதால் அகலம் வேண்டும். ஆனால் குனிந்து வேகமாகப் பெடல் போடும்போது அதன் அகன்ற ஓரம் உள்தொடையில் ஒவ்வொரு சுற்றிலும் உரசும். பெண்களுக்கு அகலமான சீட் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதில் பாதிதான் உண்மை. அகலம் வேண்டியது எலும்புக்குக் கீழே. மூக்கும் ஓரங்களும் ஒடுங்கியே இருக்க வேண்டும்.

எவ்வளவு அகலம் என்பதை வீட்டிலேயே அளக்கலாம். வரிவரியான அட்டைப்பெட்டியின் ஒரு துண்டை வெட்டிப் படிக்கட்டில் வைத்து, மெல்லிய உடையோடு அதன்மேல் உட்கார்ந்து, சைக்கிளில் இருப்பது போல் முன்னால் குனியுங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழி விழுந்திருக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கூட்டினால் வருவதுதான் நீங்கள் தேட வேண்டிய சீட்டின் அகலம். சராசரியாகப் பெண்களுக்கு இந்த எலும்புகளின் இடைவெளி ஆண்களைவிடக் கூடுதல். ஆனால் ஆளுக்கு ஆள் நிறைய மாறும், உடல் பருமனுக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. ஒல்லியான என் தோழிக்கு என்னைவிட அகலமான சீட் தேவைப்பட்டது. நல்ல நிறுவனங்கள் ஒரே சீட்டை 143, 155, 168 மில்லிமீட்டர் என்று இரண்டு மூன்று அகலத்தில் விற்கின்றன. அளவு தெரியாமல் சீட் வாங்குவது, அளவு பார்க்காமல் செருப்பு வாங்குவது மாதிரிதான்.

முன்பக்கம் மரத்துப்போகிறவர்களுக்கு நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட் பெரிய உதவி. அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி 1985இல் பெண்களுக்கான சைக்கிள் நிறுவனம் தொடங்கியவர். நடுவில் திறப்பு வைத்த பெண்கள் சீட்டைப் பரவலாக்கியதில் அவர் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. திறப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிலருக்கு மென்மையான பகுதி அந்தத் திறப்புக்குள் இறங்கி, அதன் விளிம்பில் அழுந்தி வீங்கும். அவர்களுக்கு முழுத் திறப்பைவிட, பள்ளத்தை மிக மென்மையான நுரையால் நிரப்பிய சீட் ஒத்துவரும். ஸ்பெஷலைஸ்ட் என்ற சைக்கிள் நிறுவனத்தின் 'மிமிக்' சீட்டுகள் இந்த யோசனையில் வந்தவை. நான் இரண்டையும் ஓட்டிப் பார்த்து நிரப்பிய பள்ளத்துக்கு மாறியவள். என் தோழிக்குத் திறப்புதான் பிடித்தது. கடையிலோ தெரிந்தவரிடமோ கேட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வழி இருந்தால், அதற்காகச் சற்று அலைந்தாலும் தகும்.

தோல் சீட்டைப் பற்றியும் கேட்பார்கள். இங்கிலாந்தின் புரூக்ஸ் 1866 முதல் இருக்கும் நிறுவனம்; பி17 என்ற அவர்களின் சீட்டுக்கு நெடுந்தூரக்காரர்களிடம் தனி மரியாதை உண்டு, அதில் பெண்களுக்கென்று மூக்கு குட்டையான வடிவமும் இருக்கிறது. நாள்பட நாள்பட நம் எலும்புக்கேற்பக் குழிந்துகொடுக்கும். ஆனால் அப்படிப் பழகச் சில நூறு கிலோமீட்டர் பொறுமை வேண்டும், மழையில் ஊறவிடக் கூடாது, அவ்வப்போது மெழுகு பூச வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஓட்டுகிற எனக்கு அது சரிப்படவில்லை.

உடுப்பு

எரிச்சல் மட்டும்தான் தொந்தரவு என்றால், சீட்டுக்கு முன்னால் பேடிங் ஷார்ட்ஸ், அதாவது உட்காரும் இடத்தில் நுரை வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ், வாங்குங்கள். என் கணக்கில், கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தந்தது இதுதான்.

இதைப் போடும்போது உள்ளே உள்ளாடை அணியக் கூடாது. இதைச் சொன்னால் பலர் அதிர்ச்சியோடு பார்ப்பார்கள். ஆனால் உள்ளாடையின் கால் ஓரத் தையல் சரியாகத் தொடை இடுக்கில்தான் வருகிறது. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து தோலை ஊறவைக்கும். ஊறிய தோல் சீக்கிரம் உரியும். பேடிங் நேரடியாக உடலில் படுவதற்காகத் தைக்கப்பட்டது. இறுக்கமாக, மடிப்பு விழாமல் இருக்க வேண்டும்; தளர்ந்தால் அதுவே உரசும். பெண்களுக்கான அளவையே வாங்குங்கள், ஆண்களுக்கானதில் பேடிங்கின் வடிவம் வேறு, மேடும் பள்ளமும் வேறு இடத்தில் வரும். தடிமனாக இருந்தால் நல்லது என்றும் இல்லை. விரலால் அமுக்கினால் உடனே தட்டையாகிவிடும் தடித்த நுரையைவிட, மெல்லியதானாலும் அடர்ந்த நுரை ஐந்தாவது மணி நேரத்திலும் தாங்கும்.

இறுக்கமான ஷார்ட்ஸோடு தெருவில் இறங்கத் தயக்கம் இருந்தால், மேலே டிராக் பேன்ட்டோ சுடிதார் பேன்ட்டோ போட்டுக்கொள்ளலாம். பாட்டம் நழுவாத துணியாகவும், நடுவில் தடித்த தையல் இல்லாததாகவும் இருக்கட்டும். முழங்கால் வரையோ கணுக்கால் வரையோ வரும் பேடிங் டைட்ஸும் கிடைக்கிறது. ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். நான்கு தையலும் ஒன்றுகூடும் முடிச்சு, இருப்பதிலேயே மோசமான இடத்தில் இருக்கிறது.

தோளில் பட்டி வைத்த பிப் ஷார்ட்ஸ் நகராது, இடுப்பை இறுக்காது. நீண்ட தூரத்துக்கு அதுதான் உயர்ந்தது என்பார்கள். ஆண்களுக்குச் சரி. நமக்கு ஒவ்வொரு முறையும் மேல்சட்டையைக் கழற்றினால்தான் கழிப்பறை. ஈசிஆரில் கோவளம் தாண்டினால் பெண்கள் போகத்தக்க கழிப்பறைக்கு பெட்ரோல் பங்க்கையோ ஓட்டலையோதான் நம்ப வேண்டும். அங்கே சட்டையை மாட்ட ஓர் ஆணிகூட இருக்காது. இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். சிறுநீர்க் கடுப்பும் தொற்றும் அப்படித்தான் வருகின்றன, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்பக்கம் மட்டும் இறக்கிக்கொள்ளும்படி தைத்த பெண்கள் பிப்கள் உண்டு, விலை அதிகம். நான் இன்றும் அகலமான இடுப்புப் பட்டி வைத்த சாதாரண ஷார்ட்ஸ்தான் போடுகிறேன்.

எண்ணெயா, வாசலினா, க்ரீமா?

வீட்டில் இருப்பது தேங்காய் எண்ணெய். தோலுக்கு இதம், ஒவ்வாமை அரிது. ஆனால் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும் பொருள் அது. நம் ஊரில் உறைந்த நிலையில் அதைப் பார்ப்பதே அபூர்வம். ஒரு மணி நேரத்தில் பேடிங் குடித்துவிடும். நாற்பது கிலோமீட்டருக்குப் போதும், இருநூறுக்குப் போதாது.

வாசலின் நின்று பிடிக்கும். தொடை இடுக்குக்கு நல்லது, எந்த மருந்துக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். குறை, அது பேடிங்கில் படிந்தால் சாதாரணமாகத் துவைத்துப் போகாது. நாளாக ஆகத் துணி வியர்வையை உறிஞ்சாமல் பிசுபிசுக்கும். அதனால் தோலில் மெல்லிசாக, உரசும் மடிப்பில் மட்டும் தடவுவேன்.

சைக்கிள்காரர்களுக்கென்று விற்கும் சாமுவா க்ரீம், ஒரு காலத்தில் ஷார்ட்ஸில் சாமுவா என்ற மலையாட்டின் தோலை வைத்துத் தைத்தபோது அதை மிருதுவாக வைக்கத் தடவியது. தோல் போய் நுரை வந்த பிறகும் பெயர் தங்கிவிட்டது. நீண்ட நேரம் தாங்கும், துவைத்தால் போகும். வாங்கும்போது மெந்தால் இருக்கிறதா என்று பாருங்கள். குளுகுளுவென்று இருப்பதற்காகச் சிலவற்றில் சேர்க்கிறார்கள், பெண்களுக்கு அது தாங்க முடியாத எரிச்சல். வாசனை சேர்க்காததாகவும் இருக்கட்டும். எதுவானாலும் வெளித்தோலில் மட்டும், உள்ளே வேண்டாம்.

குழந்தைகளுக்குப் போடுகிற துத்தநாக ஆக்சைடு க்ரீமை ஓட்டும்போதைவிட, ஓட்டி முடித்து இரவில் தடவினால் பலன் அதிகம். பவுடரை நான் முற்றிலும் விட்டுவிட்டேன். வியர்வையோடு சேர்ந்து உருண்டு, மணல் போல் அரைக்கும். போதாததற்கு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் டால்க்கைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்த இடத்தில் அது எதற்கு?

முடி, மாதவிடாய்

பயணத்துக்கு முந்தைய நாள் சுத்தமாக இருக்கட்டும் என்று ஷேவ் செய்துகொண்டு போவது பெரிய தவறு. வெட்டுப்பட்ட முடிக்குழிகளில் வியர்வையும் கிருமியும் புகுந்து கொப்புளமாகும். பிரிட்டன் அணி 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் உராய்வு ஆய்வாளர்களையும் மருத்துவர்களையும் கூட்டி இதை ஆராய்ந்தது. வீராங்கனைகளுக்குக் கிடைத்த ஆலோசனை, அங்கே ஷேவிங்கும் வேக்ஸிங்கும் வேண்டாம் என்பது. அந்த முடி உரசலைத் தடுக்கிறது, வியர்வையைத் தோலிலிருந்து இழுக்கிறது. சங்கடமாக இருந்தால் கத்தரியால் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

மாதவிடாய் நாட்களில் நாப்கின்தான் பெரிய எதிரி. அதன் இறக்கைகள் சரியாக இடுக்கில் மடிந்து தோலை அறுக்கும். ஒட்டிப் பிடிக்க உள்ளாடையும் வேண்டும், அதன் தையலும் கூடவே வரும். மாதவிடாய் கப் பழகியவர்களுக்கு இந்தத் தொந்தரவே இல்லை. எட்டு, பத்து மணி நேரம் கவலையின்றி ஓட்டலாம். காம்பு உறுத்தினால் அதைச் சிறிது வெட்டிக்கொள்ளலாம். ஆனால் பயணத்தன்று முதன்முதலாக முயல வேண்டாம், இரண்டு மூன்று மாதம் வீட்டில் பழகிவிட்டு வாருங்கள். டாம்பனும் சரிதான், சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கப்போ டாம்பனோ வேண்டாம் என்பவர்கள், இறக்கை இல்லாத மெல்லிய துணி நாப்கினை பேடிங்குக்கு மேல் வைத்து, ஓரங்களில் வாசலின் தடவிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஐந்து வாரத்தில் 200 கிலோமீட்டர் என்றால்

போன மாதம் ஒரு தங்கை கேட்டாள். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணமான பிஆர்எம்முக்கு முதன்முதலாகப் பதிவு செய்துவிட்டாள். 200 கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரம். கையில் இருக்கும் காசுக்கு சீட்டா, ஷார்ட்ஸா, ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும். அவளுக்கு எரிச்சலும் எலும்பு வலியும் இருந்தன, மரத்துப்போகவில்லை. சீட்டை இறக்கி, கோணத்தைச் சரிசெய்து, ஷார்ட்ஸ் வாங்கு என்றேன். மரத்துப்போயிருந்தால் என் பதில் மாறியிருக்கும்: சாதாரண டைட்ஸோடு சமாளித்துக்கொண்டு சீட்டைத்தான் மாற்றச் சொல்லியிருப்பேன். தோல் ஆறும், நரம்போடு விளையாடக் கூடாது. வெறும் எலும்பு வலி மட்டும் என்றால் எதுவும் வாங்காமல் வாரம் மூன்று நாள் ஓட்டு என்றுதான் சொல்வேன்.

கடைசி இரண்டு வாரத்தில் எதையும் புதிதாக மாற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று நான்கு சுற்று போடு. ரத்தம் ஓடும், பேடிங்குக்கும் காற்றுப் படும். மரக்காணம் உப்பளத்தை ஒட்டி எதிர்க்காற்று அடிக்கும்போது எல்லோரும் அசையாமல் குனிந்தே இருந்துவிடுவோம், அங்கேதான் இது மறந்துபோகும்.

முடித்த கையோடு ஷார்ட்ஸைக் கழற்றிவிட வேண்டும். போட்டோ, டிபன், அரட்டை எல்லாம் பிறகு. வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, தளர்ந்த பருத்தி உடைக்கு மாறுங்கள். ஷார்ட்ஸைக் கம்ஃபர்ட் போன்ற திரவம் ஊற்றாமல் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மாடியில் காயப்போட வெட்கப்பட்டுக் குளியலறைக் கம்பியில் போட்டால் அதில் பூஞ்சைதான் வளரும்.

இன்னொன்று, இது நான் பட்ட பாடு. இடுக்கில் வட்டமாக, அரிப்போடு பரவுகிற சிவப்பு, உரசல் அல்ல; அது படர்தாமரை. மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் தருகிற கலவை க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். எனக்கு ஒரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டியது ஐந்து மாதம் இழுத்தது. தோல் மருத்துவரிடம் நேரே போங்கள். அதேபோல் கட்டி பெரிதாகி வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும், மரத்துப்போனது மறுநாளும் தெளியாவிட்டாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டு, அவர் சரி என்ற பிறகே சைக்கிளை எடுங்கள்.